நாற்காலிக்கு நாலு கால்

குளச்சல் கடற்கரையிலே ஒரு தூண் நிற்கிறது. 1741ஆம் ஆண்டு, கடல் கடந்து வந்த டச்சுப் படையைத் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவின் படை முறியடித்த செய்தியைச் சொல்லும் தூண். பிள்ளைகளை அதன் அடியிலே நிறுத்தி வரலாறு சொல்வது எங்கள் ஊர் ஆசிரியர்களின் வழக்கம். நானும் சொன்னேன். தோற்றுப் பிடிபட்ட டிலனாய் என்னும் டச்சுத் தளபதி, வென்ற மன்னனின் படையிலேயே சேர்ந்து, 1777இல் கண்மூடும் வரை பணியாற்றி, உதயகிரிக் கோட்டைக்குள்ளே புதைக்கப்பட்ட கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

கட்டுமரக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் கையை உயர்த்தினான். "சார், சண்டையில பிடிபட்டவனுக்கே சாகிற வரைக்கும் வேலை குடுத்தாவளா? நீங்க அடுத்த வருசமும் இருப்பியளா?" என்றான்.

பிள்ளைகள் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆனால் விடை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அப்போது நான் ஒரு பள்ளியிலே தற்காலிக ஆசிரியன். பத்துத் திங்கள் ஒப்பந்தம். எனக்கு முன்பு அந்த வகுப்பிலே மூவர் வந்து மூவரும் போயிருந்தனர். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறுவதைப் பருவமழை மாறுவதைப் போலப் பார்த்துப் பழகியவன் அந்தச் சிறுவன்.

அன்று முதல் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பள்ளி ஆசிரியனுக்கு அது வயிற்றுக் கேள்வி. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கோ அது வயிற்றுக் கேள்வியாகவும் வாய்க் கேள்வியாகவும் ஆகிறது. நாளை இருப்பேனா என்று அஞ்சுகிறவன் இன்று உண்மையைச் சொல்வானா? அரசன் விரும்பாததை, ஆலயம் விரும்பாததை, அள்ளிக் கொடுக்கும் செல்வர் விரும்பாததை ஆய்ந்து சொல்வது பேராசிரியரின் தொழில். அந்தத் தொழிலுக்கு ஊதியம் கொடுக்கிறவர்களோ பெரும்பாலும் அதே அரசனும் ஆலயமும் செல்வரும்தான்! இந்த முரண்பாட்டை உலகம் எப்படித் தீர்க்க முயன்றது? தீர்த்ததா? இந்த வரலாற்றைப் பகுத்தறிவு பேசும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நாற்பத்தெட்டு மணி நேரம்

பேராசிரியர் பதவியை மேலைநாட்டார் 'நாற்காலி' என்றே அழைப்பர். பெயர் பெருமையானது. ஆனால் நெடுங்காலம் அந்த நாற்காலிக்குக் கால்களே இல்லை. மன்னனின் மடிமீது வைக்கப்பட்டிருந்தது. மன்னன் எழுந்தால் பேராசிரியர் விழுவார்.

பிரஷ்ய நாட்டு ஹாலே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் வுல்ஃப் என்னும் மெய்யியல் பேராசிரியர் இருந்தார். 1721இல் அவர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். சீனத்துக் கன்பூசியஸ் கிறித்துவ வேதத்தை அறியாதவர். ஆயினும் உயர்ந்த ஒழுக்கத்தைப் போதித்தார். ஆகவே மனிதன் தன் அறிவாலேயே அறத்தைக் கண்டறிய முடியும் என்றார். இவ்வளவுதான் அவர் செய்த குற்றம். வேதமறியாத ஒருவர் நல்லவராக இருக்கலாம் என்பதை இறையியல் ஆசிரியர்களால் பொறுக்க முடியவில்லை. மன்னன் காதிலே ஓதினர். 1723 நவம்பரில் அரசாணை பிறந்தது: நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள் நாட்டை விட்டு வெளியேறு, இல்லையேல் தூக்கு! வுல்ஃப் வெளியேறினார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1740இல், அந்த மன்னன் மறைந்து மகன் அரியணை ஏறிய பிறகு மீண்டும் அழைக்கப்பட்டார். தந்தை விரட்டினான், மகன் அழைத்தான். இரண்டுமே மன்னனின் மனம், சட்டம் எங்கே?

1837இல் ஜெர்மனியின் ஹனோவர் நாட்டு மன்னன் அரசியல் சட்டத்தைச் செல்லாதாக்கினான். கெட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எழுவர், "அந்தச் சட்டத்தின்மேல் ஆணையிட்டுப் பதவி ஏற்றவர்கள் நாங்கள், அதை மீற மாட்டோம்" என்று எழுதிக் கொடுத்தனர். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் உடன்பிறப்புகள் இருவரும் அந்த எழுவரில் அடங்குவர். எழுவரும் பதவி இழந்தனர். அவர்களில் மூவர் மூன்று நாளில் நாடு கடத்தப்பட்டனர். இந்தக் கெட்டிங்கனை நினைவில் வைத்திருங்கள். மீண்டும் அங்கே வருவோம்.

இருபத்திரண்டு வயது இளைஞன் எழுதிய மடல்

'பேராசிரியர் உரிமை என்பது மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு?' என்று கேட்பவர் உண்டு. அவர்கள் கல்கத்தாவைப் பார்க்கட்டும்.

அங்கே இந்துக் கல்லூரியில் 1826இல் ஆசிரியராக அமர்ந்தவர் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ. வயது பதினேழு. மாணவர் சிலர் அவருக்கு ஏறத்தாழ ஒத்த வயதினர். எதையும் கேள்வி கேள். ஆதாரம் இல்லாமல் ஏற்காதே. சாதியையும் சடங்கையும் அறிவின் தராசிலே நிறுத்துப் பார் என்பதே அவர் சொல்லிக் கொடுத்த பாடம். மாணவர்கள் விழித்தனர். வைதிக இல்லங்கள் கலங்கின. நாத்திகம் போதிக்கிறான், பெற்றோரை மதிக்காதே என்கிறான், உடன்பிறந்தாரே மணக்கலாம் என்கிறான் என்றெல்லாம் வதந்திகள் பறந்தன.

1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடியது. ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவர் இவர் என்று சொல்லப் பெரும்பான்மையோர் முன்வரவில்லை. இருந்தும் ஊரின் மனநிலையைக் கருதி அவரை நீக்குவதே நலம் என்று முடிவு செய்தனர். குற்றவாளி அல்ல, ஆனால் தண்டனை உண்டு! விலகல் மடல் எழுதும்படி டெரோசியோவுக்குச் செய்தி வந்தது.

எழுதினார். ஆனால் பணிந்து எழுதவில்லை, பட்டியலிட்டு எழுதினார். என்மீது குற்றச்சாட்டு எதுவும் கொண்டுவரப்படவில்லை. கொண்டுவரப்பட்டிருந்தால் எனக்கு அறிவிக்கப்படவில்லை. குற்றம் சாட்டியவர் முன்னே என்னை நிறுத்தவில்லை. இரு தரப்பிலும் ஒரு சாட்சியையும் விசாரிக்கவில்லை. என் நடத்தையை ஆராய்ந்தீர்கள். மறுமொழி சொல்ல எனக்கு வாய்ப்பளிக்கவில்லை. தகுதியற்றவன் என்று முடிவு செய்யாமலே நீக்கினீர்கள். அந்த மடலின் சாரம் இதுதான்.

அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலரா நோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது இருபத்திரண்டு. ஆனால் அந்த மடலைப் படித்துப் பாருங்கள், தோழர்களே! காலில்லா நாற்காலிக்கு மூன்று கால்களை அந்த இளைஞன் செதுக்கிக் கொடுத்துவிட்டான். முதற்கால்: குற்றச்சாட்டை எழுத்திலே கொடு. இரண்டாம் கால்: சாட்சியை விசாரி, மறுமொழியைக் கேள். மூன்றாம் கால்: குற்றம் சாட்டியவனும் கூச்சலிட்டவனும் தீர்ப்பாளர் ஆகாதிருக்க, நடுநிலையான மன்றம் முடிவு செய்யட்டும், குற்றம் மெய்ப்பட்டால் மட்டும் தண்டி.

நான்காம் கால் பிறக்க மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

ரயில் முதலாளியின் மனைவியும் ஏழாண்டுக் கணக்கும்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ரயில் பாதைச் செல்வத்தில் எழுந்தது. நிறுவியவர் மறைந்தபின் அவர் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டு அதன் ஆட்சியைக் கையில் வைத்திருந்தார். எட்வர்டு ராஸ் என்னும் பொருளியல் பேராசிரியர், நகரின் டிராம் வண்டிகளைப் பொதுவுடைமை ஆக்க வேண்டும் என்றார். ரயில் பாதை போட வந்த ஆசியத் தொழிலாளர்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்றும் பேசினார். அம்மையாருக்கு இரண்டும் பிடிக்கவில்லை. 1900 நவம்பரில் ராஸ் வெளியேற வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஆசியரைப் பற்றி ராஸ் பேசியவை இனவெறிப் பேச்சுகள். நாம் அங்கே இருந்திருந்தால் எதிர்மேடை போட்டு மறுத்திருப்போம். ஆனால் மறுப்பது வேறு, பிழைப்பைப் பறிப்பது வேறு. பணம் போட்டவர் முகம் சுளித்தால் பேராசிரியர் போக வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டால், இன்று தவறாகப் பேசியவன் போவான். நாளை சரியாகப் பேசியவனும் அதே வாசல் வழியாகத்தான் போவான். நமக்கு வேண்டியவனை மட்டும் காக்கும் விதி, விதி ஆகாது, அது சலுகை.

அதை அன்று உணர்ந்தவர்கள் ஸ்டான்ஃபோர்டிலேயே இருந்தனர். ராசுக்காகப் பேசிய வரலாற்றுப் பேராசிரியர் ஹோவர்டும் வெளியேற்றப்பட்டார். கண்டித்துச் சிலர் தாமாகவே பதவியைத் துறந்தனர். அவர்களில் ஒருவர் ஆர்தர் லவ்ஜாய் என்னும் இளம் மெய்யியலாளர். அவரும், கல்வியியல் அறிஞர் ஜான் டூயியும் முன்னின்று 1915இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தை அமைத்தனர். டூயி அதன் முதல் தலைவர். அந்தச் சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து 1940இல் ஓர் ஒப்பந்த அறிக்கை வெளியிட்டன.

அந்த அறிக்கையிலேதான் நான்காம் கால் இருக்கிறது. புதிதாக வருகிற ஆசிரியரைச் சோதித்துப் பார்க்கலாம். திறமை உண்டா, ஆராய்ச்சி உண்டா என்று பார்க்கலாம். ஆனால் அந்தச் சோதனைக் காலம் ஏழாண்டுக்கு மேல் நீளக்கூடாது. வேண்டாம் என்றால் ஓராண்டு முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். வேண்டும் என்றால் நிலைப்படுத்த வேண்டும். நிலைபெற்றவரைத் தக்க காரணம் காட்டியோ, ஓய்வு வயது வந்தபோதோ, நிறுவனமே தாங்க முடியாத பண முடையில் வீழ்ந்தபோதோ மட்டுமே நீக்கலாம். காரணம் காட்டும்போதும் குற்றச்சாட்டு எழுத்தில் வேண்டும். ஆசிரியர் குழுவும் ஆட்சிக் குழுவும் விசாரிக்க வேண்டும். தமக்கு உதவியாக ஒருவரை அழைத்துவரும் உரிமை அவருக்கு உண்டு.

நிலையான பணியுரிமை என்பது இவ்வளவுதான். 'வேலை செய்யாமல் சம்பளம் வாங்கும் உரிமை' என்று இதை ஏளனம் செய்வோர் உண்டு. சோம்பேறியைக் காரணம் காட்டி நீக்க எந்தக் காலும் தடுக்கவில்லை. காரணமே சொல்லாமல் நீக்குவதைத்தான் நான்கு கால்களும் தடுக்கின்றன. சோம்பேறிகள் நாற்காலியில் உறங்குவதும் உண்டு, மறுக்கவில்லை. அது விசாரிக்கச் சோம்பல்படும் நிர்வாகத்தின் குற்றம். மூட்டைப் பூச்சிக்காக யாரும் நாற்காலியின் காலை வெட்டுவதில்லை.

நாகர்கோவிலுக்கு வந்த பேராசிரியர்

குளச்சலிலிருந்து பேருந்து ஏறினால் நாகர்கோவில். அங்கே 1952இல் தொடங்கிய தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தவர்களில் ஒருவர் பேராசிரியர் சி. இலக்குவனார். வேதாரணியத்தை அடுத்த வாய்மேட்டில் 1909இல் பிறந்தவர். தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, ஆராய்ச்சியுடன் 1963இல் வெளியிட்டவர். 'குறள்நெறி' இதழ் நடத்தியவர். புலமையில் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆனால் அவருடைய வாழ்க்கை ஒரே கல்லூரியில் முடிந்த வாழ்க்கை அன்று. ஊர் ஊராகப் பெட்டி தூக்கிய வாழ்க்கை. தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு அவர் வைத்த பெயரே 'என் வாழ்க்கைப் போர்'.

விருதுநகரில் கல்லூரி ஆசிரியராக இருந்தபோது 1952இன் பொதுத்தேர்தல் வந்தது. காமராசரை எதிர்த்து நின்ற ஜி.டி. நாயுடுவை இலக்குவனார் ஆதரித்தார். வேலை போயிற்று. பின்னர் மதுரை தியாகராசர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1965 வந்தது. சனவரி 25ஆம் நாள் மதுரையிலே மாணவர் ஊர்வலம். ஆட்சிமொழி பற்றிய அரசியல் சட்டப் பகுதியைக் கொளுத்திய மாணவர்கள் கா. காளிமுத்துவும் நா. காமராசனும். அந்தத் தலைமுறைக்குத் தமிழுணர்வு ஊட்டிய ஆசிரியர்களுள் இலக்குவனார் முன்னணியில் நின்றார். தமிழுரிமைக்காக நடைப்பயணம் மேற்கொள்ளப் போவதாக அறிவித்தார். இந்தியப் பாதுகாப்புச் சட்டம் அவரைச் சிறைக்குள் தள்ளிற்று. சிறையோடு வேலையும் போயிற்று.

தொல்காப்பியத்தைத் தவறாகப் பெயர்த்தாரா? வகுப்புக்கு வராதிருந்தாரா? மாணவரைத் தேறவிடாமல் கெடுத்தாரா? இவற்றில் எதையும் யாரும் சொன்னதில்லை. தேர்தலிலே ஒருவரை ஆதரித்தார். மொழிப்போரிலே ஒரு பக்கம் நின்றார். குடிமகன் என்ற முறையில் செய்ததற்குப் பேராசிரியர் என்ற முறையில் தண்டனை!

அன்றைய தனியார் கல்லூரி ஆசிரியர் சட்டத்தின் முன்னே யார்? ஒப்பந்தக் கூலி. வீட்டு வேலைக்காரரை நிறுத்துவதுபோல் நிறுத்தலாம். வழக்குப் போட்டால் இழப்பீடு கிடைக்கலாம். நாற்காலி திரும்பக் கிடைக்காது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. இலக்னோவின் ஜெய் நாராயண் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொல்லிற்று: தனியார் கல்லூரிக்கும் ஆசிரியருக்கும் இடையே உள்ளது ஒப்பந்த உறவு, மீண்டும் வேலையில் அமர்த்த ஆணையிட இயலாது. அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு அரசியல் சட்டத்தின் 311ஆம் பிரிவு விசாரணை உரிமை கொடுத்திருந்தது. தெருவின் எதிர்ப்புறத்துத் தனியார் கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறவருக்கு அந்த உரிமை இல்லை.

கல்லூரி ஆசிரியர்கள் திரண்டனர். சங்கம் வைத்தனர். தென் மாவட்டங்களிலே 'மூட்டா' என்னும் பெயர் அப்படித்தான் வீடு தோறும் தெரிந்த பெயராயிற்று. தமிழ்நாட்டில் 1976ஆம் ஆண்டு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தகுதி வாய்ந்த அரசு அதிகாரியின் முன் ஒப்புதல் இன்றித் தனியார் கல்லூரி ஆசிரியர் எவரையும் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றது. மேல்முறையீட்டுக்கும் வழி வைத்தது. டெரோசியோ கேட்ட கால்கள் 145 ஆண்டுகள் கழித்து நம் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்தன. இலக்குவனார் 1973இலேயே மறைந்துவிட்டார். வெயிலில் நடந்தவர் ஒருவர். நிழல் கண்டவர் வேறொருவர்.

மீண்டும் கெட்டிங்கன்

சட்டம் வந்துவிட்டது, போதும் என்று கையைக் கட்டிக்கொள்ளலாமா? கெட்டிங்கன் இல்லை என்கிறது.

1933 ஏப்ரல் 7ஆம் நாள் இட்லரின் ஆட்சி ஒரு சட்டம் செய்தது. யூதரும் அரசியல் எதிரிகளும் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். ஜெர்மன் பேராசிரியர்கள் நிலையான பதவி உடையவர்கள். நாலு காலும் உறுதியான நாற்காலி. ஒரே நாளில் நாலும் முறிந்தன. கெட்டிங்கனிலே இயற்பியலாளர் மேக்ஸ் பார்ன் போனார். கணித மேதை எம்மி நேத்தர் அம்மையார் போனார். நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஃபிராங்க் முதல் உலகப் போரில் படைவீரராக இருந்தவர். ஆகவே அவருக்கு விலக்கு உண்டு. 'எனக்கு மட்டும் விலக்கு வேண்டாம்' என்று அவர் தாமே பதவியைத் துறந்தார். உடன் பணியாற்றியவர்கள் என்ன செய்தனர்? கெட்டிங்கன் ஆசிரியர்கள் 42 பேர், ஃபிராங்கின் விலகல் நாட்டுக்குச் செய்யும் நாச வேலை என்று கண்டித்துக் கையெழுத்திட்டனர்!

1837இல் எழுவர் எழுந்து நின்ற அதே ஊர். 1933இல் நாற்பத்திருவர் குனிந்து கையெழுத்திட்ட அதே ஊர். நாலு கால் இருந்தால் மட்டும் நாற்காலி நிற்காது. அது நிற்கத் தரை வேண்டும். உடன் பணியாற்றுவோரின் ஒற்றுமையும் ஊரின் விழிப்புமே அந்தத் தரை. ஸ்டான்ஃபோர்டில் சிலர் பதவியைத் துறந்ததால் விதி பிறந்தது. கெட்டிங்கனில் பலர் பதவியைக் காத்துக்கொண்டதால் விதி இறந்தது.

மடக்கு நாற்காலி

இன்று நம் நாட்டிலே நடப்பது வேறு விதமான வேலை. காலை முறிப்பதில்லை, மடக்கு நாற்காலி போடுகிறார்கள். விருந்து முடிந்தால் மடித்து வைத்துவிடலாம் அல்லவா?

'கௌரவ விரிவுரையாளர்' என்று ஒரு பெயர். பெயரிலே கௌரவம் இருக்கிறது. மற்றவற்றில் தேட வேண்டும். முனைவர் பட்டம் பெற்றவர், தகுதித் தேர்வில் தேறியவர், நிலையான ஆசிரியர் நடத்தும் அதே பாடத்தை நடத்துகிறார், விடைத்தாள் திருத்துகிறார், கல்வியாண்டு முடிந்ததும் அடுத்த ஆணைக்காகக் காத்திருக்கிறார். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், திங்களுக்கு 50,000 ரூபாய் வரை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வரையறுத்தது. அந்த எல்லையை எட்டிப் பிடித்தவர் எத்தனை பேர் என்று உங்கள் ஊர்க் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். சுயநிதிப் பாடப்பிரிவு ஆசிரியரின் நிலையையும் கேட்டுப் பாருங்கள்.

இவர்களை யாரும் 'நீக்குவதில்லை'. ஆகவே குற்றச்சாட்டுக் குறிப்பாணை இல்லை, விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை. அடுத்த ஆண்டு ஆணை வராது, அவ்வளவுதான். முதல் மூன்று காலும் சட்டப் புத்தகத்திலே பத்திரமாக இருக்கின்றன. நான்காம் காலை மட்டும், சோதனைக்கு ஒரு முடிவு வேண்டும் என்னும் அந்த ஒரே காலை மட்டும், எடுத்துவிட்டார்கள். அது இல்லாமல் மற்ற மூன்றுக்கும் வேலையே இல்லை. ஏழாண்டு அல்ல, பதினைந்து ஆண்டு பணியாற்றினாலும் சோதனையிலேயே இருப்பவன், தேர்தலிலே ஒருவரை ஆதரிப்பானா? சாதிக் கொலையைக் கண்டித்து வகுப்பிலே பேசுவானா? டெரோசியோவாக இருக்க அவனுக்கு விருப்பம் இருக்கலாம். வீட்டு வாடகை விடுமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். உழவன் வீட்டிலும் மீனவன் வீட்டிலும் தோட்டி வீட்டிலும் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்றவர்கள் கல்லூரியின் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்து நிற்கும் காலம் இது. தலைமுறை தலைமுறையாக அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தேக்கு நாற்காலி கிடைத்தது. நம்மவர் வரும்போது மடக்கு நாற்காலியா? வாயிலைத் திறந்துவிட்டு இருக்கையை எடுத்துவிடுவது எந்த வகைச் சமூக நீதி?

இளைஞர்களே! பேராசிரியரின் பணியுரிமை பேராசிரியரின் சொந்தக் கவலை என்று ஒதுங்காதீர்கள். அவர் வாய் திறந்தால் நன்மை உங்களுக்கு. வாய் மூடினால் இழப்பு உங்களுக்கு. உங்கள் கல்லூரியில் எத்தனை ஆசிரியர் நிலையானவர், எத்தனை பேர் ஆண்டுக் கணக்கில் காத்திருப்பவர் என்று எண்ணுங்கள். எண்ணியதை எழுதுங்கள். எழுதியதை மன்றத்திலே கேளுங்கள். நான்காம் காலைத் திரும்ப வைக்கும் வரை கேளுங்கள்.

குளச்சல் தூணின் அடியிலே கேட்ட அந்தச் சிறுவனுக்கு நான் விடை சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியிலே நான் இல்லை. என் ஆணை வரவில்லை. இப்போது வேறு பள்ளியில் கற்பிக்கிறேன். அவன் வகுப்புக்கு ஐந்தாவதாக ஓர் ஆசிரியர் வந்திருப்பார். அவரிடமும் அவன் அதே கேள்வியைக் கேட்டிருப்பான்.